அடியேன் என்னும் நான்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஸ்ரீவைஷ்ணவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது ‘நான்’ என்று சொல்லும் வழக்கமில்லை, ‘அடியேன்’ என்பார்கள். வந்தவர் ‘அடியேன் வந்திருக்கிறேன்’ என்பார். விடைபெறுகிறவர் ‘அடியேன் போய் வருகிறேன்’ என்பார். பெருமாள் ஸந்நிதியில் தீர்த்தம் பெற்று, ஸ்ரீசடகோபத்துக்குத் தலை வணங்குகிறவர்களும் அச்சொல்லையே வாய்விட்டோ மனத்துக்குள்ளோ சொல்லுகின்றனர். பணிவைக் காட்டும் உபசாரச் சொல் என்றும், பழக்கத்தினால் நாவில் வருவது என்றும் பலர் இதனை எண்ணியிருக்கிறார்கள். அவ்வளவுதானா? மனிதன் என்பவன் யார் என்னும் கேள்விக்குப் பூர்வாசாரியர்கள் ஆராய்ந்து கண்ட விடை இந்த ஒரு சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

அக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வியன்று. ஓர் இல்லத்தை நினைத்துக்கொள்வோம். அங்கே எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பல ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொன்னவர், நித்யாநுஸந்தானம் தவறாதவர். முதுமையில் சிலரைப் பற்றும் மறதி நோய் அவரைப் பற்றிக்கொண்டது. முதலில் மூக்குக்கண்ணாடி வைத்த இடம் மறந்தது. பிறகு குடியிருக்கும் தெருவின் பெயர் மறந்தது. பிறகு ஆயுள் முழுவதும் சொல்லிவந்த பாசுரங்கள் ஒவ்வொன்றாக நழுவின. இன்று, உணவு ஊட்ட வந்த மகனைப் பார்த்து, “தாங்கள் எந்த ஊர்?” என்று மரியாதையாகக் கேட்கிறார். மகன் கலங்கிப்போய்த் தன் மனைவியிடம் சொல்லுகிறான்: “அப்பா எப்போதோ போய்விட்டார், இங்கே இருப்பது அவருடைய உடம்பு மாத்திரமே.”

இவ்வகை நோய்களுள் முதன்மையான ஒன்றை 1906-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர் விவரித்துச் சொன்னார். அவர் பெயரே அந்நோய்க்கும் வழங்குகிறது. மூளையில் உண்டாகும் மாறுதல்களை மருத்துவர்கள் ஆராய்ந்து சொல்லுகிறார்கள். அது அவர்கள் துறை. ஆனால் அந்த மகன் சொன்ன வார்த்தை உண்மைதானா என்பதை வேதாந்தமே சொல்லவேண்டும். அவன் சொன்னது உண்மையானால், அந்த இல்லத்தில் நடக்கும் பணிவிடையெல்லாம் உரியவர் இல்லாத வீட்டுக்கு விளக்கேற்றுவது போன்றதாகும். உண்மையன்றாயின், அந்தப் பெரியவர் இன்னும் யாராக இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளவேண்டும்.

பிரஜாபதி சொன்ன பாடம்

சாந்தோக்ய உபநிஷத்தின் எட்டாம் அத்தியாயத்தில் இக்கேள்வியே ஒரு சரித்திரமாக வருகிறது. பாபம், மூப்பு, மரணம், சோகம், பசி, தாகம் ஆகியவை அற்ற ஆத்மாவை அறியவேண்டும் என்று பிரஜாபதி கூறியதைக் கேள்வியுற்று, தேவர்களிலிருந்து இந்திரனும் அசுரர்களிலிருந்து விரோசனனும் ஸமித்தைக் கையிலேந்தி அவரிடம் சென்றார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிரஹ்மசரியம் காத்தார்கள். பிரஜாபதி அவர்களுடைய தகுதியைச் சோதிக்கத் திருவுள்ளம்பற்றி, நன்றாக உடுத்து அலங்கரித்துக்கொண்டு நீர் நிறைந்த பாத்திரத்தில் பார்க்கும்படி சொன்னார். இருவரும் தங்கள் உருவத்தைக் கண்டு மகிழ்ந்து புறப்பட்டார்கள்.

விரோசனன் திரும்பியே பார்க்கவில்லை. ‘உடம்பே நான், இதைப் பூசிப்பதே புருஷார்த்தம்’ என்று தன் கூட்டத்தாருக்கு உபதேசித்துவிட்டான். இந்திரனுக்கோ பாதி வழியிலே ஐயம் பிறந்தது. உடம்பு அலங்கரிக்கப்பட்டால் அந்த ஆத்மாவும் அலங்கரிக்கப்பட்டதாகிறது. அப்படியானால் உடம்பு குருடாகும்போது அதுவும் குருடாகும். உடம்பு அழியும்போது அதுவும் அழியுமே என்று எண்ணித் திரும்பி வந்தான். மேலும் முப்பத்திரண்டு ஆண்டுகள் தங்கினான். கனவிலே திரிகிறவனே ஆத்மா என்று உபதேசம் கிடைத்தது. கனவிலும் துரத்தப்படுகிறான், அழுகிறான். இதில் என்ன பயன் என்று மீண்டும் வந்தான். இன்னும் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. கனவுமற்று ஆழ்ந்து உறங்குகிறவனே ஆத்மா என்று அடுத்த உபதேசம். இந்திரன் அதையும் கொண்டுபோய்ச் சிந்தித்தான். அந்த நிலையில் ‘நான் இன்னான்’ என்று தன்னையும் அறியவில்லை, எதிரிலுள்ளவரையும் அறியவில்லை, அழிந்தே போனவன் போலல்லவா இருக்கிறான் என்று அஞ்சித் திரும்பினான்.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்திரனை நடுங்கவைத்த அந்த அச்சமே, நோயுற்ற தந்தையின் எதிரில் நிற்கும் மகனுடைய அச்சமும் ஆகும். பிரஜாபதி அதைப் பிழையென்று தள்ளவில்லை. இன்னும் ஐந்து ஆண்டுகள் இருக்கச் சொன்னார். ஆக, நூற்றொரு ஆண்டுகள் காத்திருந்தபின் உண்மை வெளியாயிற்று. இந்த உடம்பு மரணத்தினால் பற்றப்பட்டது. மரணமற்ற ஆத்மாவுக்கு இது இருப்பிடம். ஆத்மா இதிலிருந்து எழுந்து பரஞ்சோதியை அடைந்து, தன் இயல்பான வடிவோடு விளங்குகிறது என்பதே அது. மறைந்திருந்த இயல்பு வெளிப்படுகிறதேயன்றிப் புதிதாக ஒன்று உண்டாகிறதில்லை என்பது ஸ்ரீபாஷ்யகாரர் காட்டியருளிய பொருள்.

விளக்கும் ஒளியும்

மேனாட்டிலும் இக்கேள்வியை ஆராய்ந்தவர்கள் உண்டு. ஆங்கில நாட்டுத் தத்துவஞானியான ஜான் லாக் (1632–1704), ஒருவனுடைய நினைவு எவ்வளவு தூரம் பின்னோக்கிச் செல்லுகிறதோ அவ்வளவு தூரமே அவன் அதே மனிதன் என்று கொண்டார். நினைவே மனிதனை மனிதனாக்குவது என்பது இதன் கருத்து. இதை ஒப்புக்கொண்டால், நினைவு போனவுடன் ஆளும் போய்விட்டார் என்றே முடியும். மகன் சொன்ன வார்த்தை அப்போது சரியாகிவிடும்.

எம்பெருமானார் அருளிச்செய்த ஸ்ரீபாஷ்யம் இதற்கு இடங்கொடுக்கவில்லை. உறங்கி எழுந்தவன், ‘சுகமாக உறங்கினேன்’ என்று சொல்லுகிறான். உறக்கத்தில் அவனுக்கு ஊர் தெரியாது, பேர் தெரியாது, மனைவி மக்கள் தெரியாது. ஆயினும் உறங்கினவன் தானே என்று எழுந்தபின் ஐயமின்றி உணருகிறான். ஆகையால் ‘நான்’ என்று தோன்றும் பொருள் ஊர் பேர்களின் நினைவுத் தொகுப்பன்று. அந்நினைவுகள் வந்து போவதற்கு ஆதாரமாய், தனக்குத் தானே தோன்றுகிற மெய்ப்பொருள் அது. மோக்ஷத்தில் இந்த ‘நான்’ அழிந்துவிடும் என்று யாரேனும் சொன்னால், அத்தகைய மோக்ஷப் பேச்சு நடக்கும் இடத்தைவிட்டே மனிதன் ஓடிவிடுவான் என்றும் ஸ்வாமி சுவைபட அருளியிருக்கிறார். தான் இல்லாத இடத்தில் தனக்கு என்ன வாழ்வு?

அறிவு சுருங்குவது எப்படி என்பதற்கு விளக்கும் ஒளியும் திருஷ்டாந்தமாகும். விளக்கின் சுடர் வேறு. அதிலிருந்து பரவும் ஒளி வேறு. சுடரும் ஒளிமயமே, பரவுவதும் ஒளியே. ஆயினும் ஒன்று தர்மி, மற்றொன்று தர்மம். ஆத்மா தானே ஞானமயமானது. அதனிடமிருந்து பரவிப் பொருள்களைக் காட்டும் ஞானத்துக்கு தர்மபூதஞானம் என்று பெயர். கர்மத்தினாலும் உடம்பின் நிலையினாலும் இந்த இரண்டாவது ஞானம் சுருங்கும், விரியும். குடத்துக்குள் வைத்த விளக்கின் ஒளி அறையில் பரவாது. அறையிலுள்ளவர் ‘விளக்கு அணைந்தது’ என்று சொன்னாலும், குடத்துக்குள் சுடர் நின்று எரிந்துகொண்டேயிருக்கிறது. மறதி நோய் குடத்தைப் போன்றது. மகனுடைய முகத்தின்மேல் தந்தையின் ஒளி விழாமற்போனது உண்மை. மகனுக்கு அது தாங்கமுடியாத துயரம் என்பதும் உண்மை. சுடர் அணைந்தது என்பது மாத்திரம் உண்மையன்று.

அறிவு முந்தியதா, அடிமை முந்தியதா?

இவ்வளவோடு விசாரம் முடிந்துவிடவில்லை. ஆத்மாவுக்கு அறிவும் உண்டு, எம்பெருமானுக்குச் சேஷமாயிருக்கும் தன்மையும் உண்டு. இவ்விரண்டில் அதனை இன்னதென்று அடையாளங்காட்டும் முதன்மையான தன்மை எது? இக்கேள்வி எம்பெருமானார் கோஷ்டியிலேயே எழுந்தது என்று நம்பிள்ளையின் ஈட்டு வியாக்கியானம் தெரிவிக்கிறது. எம்பெருமானார் இதைத் தெளிந்து வரும்படி கூரத்தாழ்வானைத் திருக்கோட்டியூர் நம்பியிடம் அனுப்பினார். ஆழ்வானோ ஸகல சாஸ்திரங்களிலும் வல்லவர். ஒரு நாளில் வாதித்து முடிக்கக்கூடியவர். எனினும் ஆறு மாதம் நம்பியின் திருவடிகளில் பணிவிடை செய்து காத்திருந்தார். பின்பு நம்பி காட்டியருளிய விடை திருவாய்மொழி எட்டாம் பத்தில் உள்ள ஒரு சொல். தம் ஆத்மாவைக் குறிப்பிடவேண்டிய இடத்தில் நம்மாழ்வார் ‘உயிர்’ என்று சொல்லவில்லை, ‘அறிபவன்’ என்று சொல்லவில்லை. ‘அடியேன்’ என்றே சொன்னார். சேஷத்வமே முந்தியது என்பது அதனால் தேறிற்று.

ஆழ்வான் ஆறு மாதம் பணிந்து நின்று பெற்றது பணிவைக் காட்டும் ஒரு சொல்லைத்தான் என்பது கவனிக்கத்தக்கது. கேட்டுத் தெரிந்துகொண்ட பொருளும், காத்திருந்த விதமும் அங்கே ஒன்றாயின. இக்கருத்தையே அழகிய மணவாளப்பெருமாள் நாயனார் ஆசார்ய ஹிருதயத்தில் ஸ்தாபித்தார். ஞானமும் ஆனந்தமும்கூட வெளியடையாளம் போலத் தோன்றும்படி, தாஸ்யமே ஆத்மாவின் உள்ளடையாளம் என்று அவர் திருவுள்ளம்பற்றினார்.

இதன் பயனை யோசிக்கவேண்டும். மனிதனை மனிதனாக்குவது அவனுடைய அறிவு என்று வைத்தால், அறிவு குறையும்தோறும் அவனும் குறைவான். குழந்தை அரை மனிதன். சித்தம் கலங்கியவன் கால் மனிதன். நினைவிழந்தவன் மனிதனே அல்லன் என்று கணக்கு நீளும். அவன் எம்பெருமானுக்கு உரியவன் என்பதே அவனை அவனாக்குவது என்று வைத்தாலோ, எந்த நோயினாலும் அதைத் தொடமுடியாது. தன்னை மறந்தவன் தன்னை உடையவனுக்கு உரியவனாகாமல் போய்விடுவானா? ஸ்ரீவிஷ்ணுபுராணம் ஜீவாத்மாவை எம்பெருமானின் திருமார்பில் விளங்கும் கௌஸ்துபமாகக் காட்டுகிறது. மணிக்குத் தன் விலை தெரியாது. சேற்றில் விழுந்தால் அதன் ஒளியும் தெரியாது. உடையவன் அதன் விலையை அறிவான். குனிந்து எடுப்பவனும் அவனே.

அடிமை என்பது இழிவாகாதா?

இங்கே சிலர் தடை எழுப்பக்கூடும். பிறருக்கு உட்பட்டிருப்பது துக்கம் என்று உலகமே சொல்லுகிறது. சாஸ்திரங்களும் பிறரை அண்டிப் பிழைப்பதை நிந்திக்கின்றன. அப்படியிருக்க அடிமையே மனிதனின் இயல்பு என்பது அவனைத் தாழ்த்துவதாகாதா என்பார்கள். வேதார்த்த ஸங்கிரஹத்தின் முடிவில் எம்பெருமானாரே இத்தடையை எடுத்து ஸமாதானம் அருளியிருக்கிறார். ஒருவன் தன்னை எதுவாக நினைக்கிறானோ அதற்கேற்றதையே இன்பமாக நினைப்பான். உடம்பே தான் என்று மயங்கினவனுக்கு யாருக்கும் கட்டுப்படாமல் திரிவதே இன்பம். தான் எம்பெருமானுக்கு உரிய ஆத்மா என்று தெளிந்தவனுக்கு அவனுக்குத் தொண்டு செய்வதே இன்பம். நிந்திக்கப்பட்டது, தொண்டுக்கு உரியவரல்லாதாருக்குச் செய்யும் அடிமை.

உற்று நோக்கினால், ‘அடியேன்’ என்னும் சொல்லைப்போல் மனிதனுக்கு விடுதலை தருவது வேறில்லை. எம்பெருமான் ஒருவனுக்கே உரியவன் என்றால், வேறொருவருக்கும் உரிமைப்பொருள் அல்லன் என்றாகிறது. செல்வனுக்கும் அல்லன், அதிகாரிக்கும் அல்லன், குலத்தால் உயர்ந்தோம் என்று செருக்குறுபவருக்கும் அல்லன். தேவன், மனிதன், விலங்கு, தாவரம் என்ற பேதங்களும், மனிதருக்குள் கற்பிக்கப்படும் உயர்வு தாழ்வுகளும் கர்மத்தினால் வந்த உடம்பைப் பற்றியவையேயன்றி, ஞானமே வடிவான ஆத்மாவைப் பற்றியவையல்ல.

பெரியோர்கள் இதனைச் சொல்லோடு நிறுத்தவில்லை. ஆளவந்தாரின் சிஷ்யராகிய மாறனேர் நம்பி, குலத்தால் தாழ்ந்தவர் என்று ஊரார் ஒதுக்கிய மஹான். அவர் திருநாடு அலங்கரித்தபோது, பெரிய நம்பி தாமே முன்னின்று சரமகைங்கரியங்களைச் செய்து முடித்தார். ஊரார் பழித்தார்கள். எம்பெருமானார் இதைப்பற்றி விண்ணப்பிக்க, பெரிய நம்பி ஜடாயுவின் சரித்திரத்தை நினைவூட்டினார். சக்கரவர்த்தித் திருமகன் ஒரு பறவைக்குத் தந்தைக்குச் செய்வதுபோல் ஈமக்கடன் செய்தான். தாம் அந்த ராமபிரானைவிட உயர்ந்தவரும் அல்லர், மாறனேர் நம்பி அந்தப் பறவையைவிடத் தாழ்ந்தவரும் அல்லர் என்பது அவர் விடையின் கருத்து. ஒரு மனிதன் யார் என்பதை ஊர் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

யார் யாரை நினைப்பது?

ஆயினும் ஆஸ்திகர்கள் உள்ளத்தில் ஓர் அச்சம் எஞ்சியிருக்கும். அந்திம காலத்தில் எதை நினைத்துக்கொண்டு உடலை விடுகிறானோ அதையே அடைகிறான் என்று கண்ணன் கீதையின் எட்டாம் அத்தியாயத்தில் அருளினானே. நினைவே இழந்தவருக்கு என்ன கதி என்று அந்த மகன் இரவெல்லாம் கலங்கலாம். ஆயுள் முழுவதும் திருநாமம் சொன்ன தந்தை கடைசியில் அதைச் சொல்லமாட்டாமல் போவாரோ என்பது அவனுடைய மிகப் பெரிய வேதனை.

பெரியாழ்வாரும் இக்கவலையை அறிந்தவரே. இறுதியில் உடல் தளர்ந்து நினைக்கமுடியாமற் போகும் என்று கருதி, நினைவு நன்றாயிருக்கும்போதே திருவரங்கத்து எம்பெருமானிடம் முன்கூட்டியே விண்ணப்பம் செய்துவைத்தார். அந்த விண்ணப்பத்தை எம்பெருமான் ஏற்கிறான் என்பதற்குச் சாஸனம் போன்றது ஸ்ரீவராஹ சரமசுலோகம். பூமிப்பிராட்டிக்கு வராஹநாயனார் அளித்த வாக்கு அது. உடலும் மனமும் நலமாயிருக்கும் காலத்தில் ஒருவன் தன்னை நினைத்தானாகில், பின்பு கட்டைபோலவும் கல்லைப்போலவும் அவன் கிடந்து உயிர்விடும்போது, அவனைத் தானே நினைத்துப் பரமகதிக்கு அழைத்துச் செல்வதாக எம்பெருமான் உறுதி கூறுகிறான். ஸ்ரீவேதாந்த தேசிகன் இதன் பொருளை விளக்கவே ‘ரஹஸ்ய சிகாமணி’ என்னும் கிரந்தத்தை அருளிச்செய்தார்.

ஜீவனின் நினைவு தளர்ந்த இடத்தில் எம்பெருமானின் நினைவு தொடங்குகிறது என்று இதனை எண்ணிவிடக்கூடாது; அது முன்பே இருந்தது. பிரளய காலத்தில் ஜீவர்கள் அனைவரும் உடலும் இந்திரியங்களும் இன்றி, அறிவு முற்றும் சுருங்கி, அசேதனத்தோடு வேற்றுமை தோன்றாமல் கிடந்தார்கள் என்றும், எம்பெருமானே இரங்கி அவர்களுக்கு உடலையும் கரணங்களையும் அளித்தான் என்றும் பராசர பட்டர் ஸ்ரீரங்கராஜஸ்தவத்தில் ஈடுபட்டுப் பேசுகிறார். அப்போது எந்த ஜீவனும் எம்பெருமானை நினைக்கவில்லை, நினைக்கவும் வழியில்லை. அவன்தான் எல்லோரையும் நினைத்தான். அறிவு என்பதே அந்த நினைவினால் பெற்ற கொடை. கொடுத்த கை கொடையைச் சிறிது காலம் மூடிவைத்தாலும், பெற்றவனைக் கைவிட்டதாகாது.

எதிரில் இருப்பவர்

இனி அந்த இல்லத்துக்குத் திரும்புவோம். அங்கே சாய்வு நாற்காலியில் அமர்ந்திருப்பவர் யார்? ‘எந்த ஊர்’ என்று கேட்கும் அவர் எம்பெருமானுக்கு அடியேனாகிய ஓர் ஆத்மா. நேற்று பாசுரங்களைச் சொன்னவரும் அவரே; இன்று ஒன்றும் சொல்லாமல் வாசலைப் பார்த்திருப்பவரும் அவரே. காலையில் உத்தரணியில் தீர்த்தம் கொண்டு நீட்டினால், பழக்கத்தினால் அவருடைய வலக்கை குவிந்து ஏந்தக்கூடும். அதைக் கண்டு வீட்டார் மகிழ்வார்கள். நாளை அந்தக் கையும் ஏந்தாமற் போகலாம். அப்போது வாயில் தீர்த்தத்தை விடவேண்டுமேயன்றி, ‘இவருக்கு இனி எதற்கு’ என்று பாத்திரத்தை எடுத்துப்போகலாகாது. கை ஏந்தியபோது அவர் யாரோ, ஏந்தாதபோதும் அவரே.

‘அப்பா’ என்று அழைப்பதை மகன் நிறுத்தவேண்டாம். மறுமொழி வராவிட்டாலும் அவருக்கு உரிய மரியாதையோடே பேசவேண்டும். அவர் எதிரிலேயே அவரைப்பற்றி, இல்லாதவரைப்பற்றிப் பேசுவதுபோல் பேசுவது தகாது. அவர் மறந்த பாசுரங்களை வீட்டிலுள்ளோர் அவர் செவியருகே சொல்லலாம். முன்பு அவர் சொல்ல இவர்கள் கேட்டார்கள்; இப்போது இவர்கள் சொல்ல அவர் கேட்கட்டும். உடைமாற்றுவதும், உணவூட்டுவதும், இரவில் விழித்திருப்பதும் எளிய காரியங்களல்ல. செய்பவர் சோர்ந்துபோவதும் உண்டு, சில வேளை சினங்கொள்வதும் உண்டு. அதற்காக அவர்கள் தங்களைப் பாவிகள் என்று நொந்துகொள்ளவேண்டியதில்லை. எம்பெருமானுடைய திருமார்பின் மணி ஒன்று தங்கள் வீட்டில் பாதுகாக்க வைக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்தால், அந்தப் பணிவிடை கைங்கரியமாகும். சுற்றத்தாரும் அண்டை அயலாரும் ஒரு வேளையேனும் அதில் பங்குகொண்டு அவர்களுக்கு ஓய்வளிப்பதும் கைங்கரியமே.

உத்ஸவ காலங்களில் எம்பெருமான் மூலஸ்தானத்திலேயே இருந்துவிடாமல் திருவீதிகளில் ஏன் எழுந்தருளுகிறான்? கோயிலுக்கு நடந்து வர இயலாதவர்கள் வீடுகளில் இருக்கிறார்கள். வரவேண்டும் என்னும் நினைவும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தானே சென்று பார்க்கவேண்டும் என்பதற்காகவே புறப்பாடு. திண்ணையில் சாய்த்து உட்காரவைக்கப்பட்ட பெரியவருக்கு, வருவது கருடவாஹனம் என்று தெரியாமலிருக்கலாம். மேளத்தின் ஓசைக்கு அவர் திரும்பாமலும் இருக்கலாம். எம்பெருமான் அவரைக் கடாக்ஷித்துவிட்டே அந்த வாசலைக் கடக்கிறான்.

ஆகையால் இவ்வாண்டு உத்ஸவத்தில் ஸேவிக்க வருகிறவர்கள், தங்கள் வீட்டிலும் தெருவிலும் இத்தகைய முதியவர் இருப்பாரேயானால், அவரை உள்ளறையில் விட்டுவராமல், புறப்பாட்டு வேளையில் வாசலில் கொண்டு அமர்த்துவார்களாக. ஸ்ரீசடகோபம் தங்கள் தலைமேல் படும்போது ‘அடியேன்’ என்று சொல்லுகிறவர்கள், அச்சொல்லைத் தானே சொல்லமாட்டாத அவருக்காகவும் ஒருமுறை சொல்லுவார்களாக.

சுபம்.